பச்சையாக இருப்பதெல்லாம் பசுமை அல்ல

இயற்கை வேளாண்மை பேசும் இதழில் கோல்ஃப் மைதானத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நூறு, நூற்றைம்பது ஏக்கரில் புல்லை வளர்த்து, அதற்குத் தண்ணீரையும் மருந்தையும் கொட்டி, வசதி உள்ளவர்கள் பந்து அடிக்கிற இடம் அது. எதிர்த்து ஒரு தீர்மானம் போட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். போன ஆகஸ்டில் மகள் வீட்டுக்கு ஸ்காட்லாந்து போய்வந்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. எனக்குக் கோல்ஃப் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் புல்லுக்கு மருந்து அடிக்க வைப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். அதே சங்கதி நம் வயல் வரப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் எடின்பரோவில் இருக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் மாப்பிள்ளைக்குக் கோல்ஃப்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, இந்த ஆட்டம் வளர்ந்த ஊரைப் பார்த்துட்டு வரலாங்களா?" என்று காரில் அழைத்துப் போனார். ஒன்றரை மணி நேரப் பயணம். கடலோர ஊர். பெயர் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே இருக்கும் 'ஓல்டு கோர்ஸ்' என்ற மைதானம்தான் கோல்ஃப்காரர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாம்.

எனக்குத் தெரிந்த கோல்ஃப் மைதானம் தொலைக்காட்சியில் பார்த்தது. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி, ஒரு காய்ந்த இலைகூட இல்லாமல் இருக்கும். இங்கே வந்து பார்த்தால் தரை வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. அந்த வருடம் கோடை காய்ந்திருந்தது. மேடும் பள்ளமுமாக, மெல்லிசான புல், சித்திரை மாதத்து மானாவாரிக் காடு போல.

"என்னங்க மாப்பிள்ளை, தண்ணி இல்லாமக் காஞ்சு போச்சா? உலகத்துலயே பேர் போன இடம்னு சொன்னீங்க?"

"இது இப்படித்தாங்க மாமா இருக்கணும். பச்சுன்னு மெத்துன்னு இருந்தா இந்த ஆட்டமே கெட்டுப் போயிரும்."

இன்னொரு ஆச்சரியம், அன்றைக்கு ஒருவர்கூட ஆடவில்லை. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்துக்கு விடுமுறையாம். பெரிய போட்டி ஏதாவது நடந்தால்தான் விதிவிலக்கு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல்லைப் பார்த்துக்கொண்ட டாம் மோரிஸ் என்ற கிழவர், ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு வேண்டியிருக்கிறதோ இல்லையோ, தரைக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்வாராம். நிலத்தைத் தரிசு போட்டு ஆறவிட்ட நம் தாத்தாமார்கள் ஞாபகம் வந்தது.

நடந்துகொண்டே மாப்பிள்ளை விவரம் சொன்னார். பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல் மேட்டுக்கு அங்கே 'லிங்க்ஸ்' என்று பெயர். உழவுக்கு ஆகாத பூமி. உப்புக் காற்று, சத்தில்லாத மணல். அதில் தானாக முளைத்த ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புல். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துப் பறிந்த மணல் குழிகள்தான் இன்றைக்கு 'பங்கர்' என்று சொல்கிற குழிகளுக்கு முன்னோடி என்பார்கள். அங்கே ஓடைமேல் ஒரு சின்னக் கல் பாலம் இருக்கிறது. உலகத்துச் சாம்பியன்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்கிற பாலம். அது முதலில் மேய்ப்பர்கள் கால்நடைகளை ஓட்டிப்போகக் கட்டியது. அந்த மணல்வெளி ஊர்ப் பொது நிலம். அதில் கோல்ஃப் ஆடவும் மேய்ச்சலுக்கு விடவும் ஊர் மக்களுக்கு இருந்த உரிமையை 1552ஆம் வருடத்து சாசனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. புறம்போக்கில் மேய்ச்சல் உரிமை கேட்டு இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிற நமக்கு அந்தச் சாசனத்தின் அருமை புரியும்.

ஆக, கோல்ஃப் ஆட்டத்துக்கு முதல் மைதானத்தை எந்த நிபுணரும் வடிவமைக்கவில்லை. காற்றும் ஆடும் முயலும் வடிவமைத்தன. மனிதன் குழி வெட்டினான், கொடி நட்டான். 1764இல் அங்கே ஒரு சுற்றுக்கு 18 குழி என்று ஆனது. பிற்பாடு உலகம் முழுக்க அதுவே கணக்கு.

அப்புறம் ஆட்டம். இறுகிய தரையில் பந்து விழுந்தால் நிற்காது, உருளும். மேட்டில் பட்டு இடப்பக்கம் போகும், பள்ளத்தில் சரிந்து குழியில் இறங்கும். காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசித்து ஆட வேண்டும். பாதை அகலமாக இருக்கும். புதிதாக ஆடுபவர் பங்கரைச் சுற்றிப் போகலாம், தைரியசாலி அதை ஒட்டி அடித்துச் சுருக்கு வழி பிடிக்கலாம். ஆனால் நீர் பாய்ச்சிய மெத்தைத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். தூரத்தைக் கணக்குப் பண்ணி மேலே தூக்கி அடித்தால் போதும். ஆட்டக்காரர்களின் ரசனை இந்த இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் வகைக்குத் தரை காய்ந்து இறுகியிருக்க வேண்டும். இரண்டாவதற்குத் தண்ணீர் வேண்டும்.

"உங்க கூட்டாளிகளுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "இங்கேயே பொறந்தவங்களுக்கு இதுதான். டிவி பார்த்து ஆட வந்தவங்களுக்கு அந்தப் பச்சைதான். எனக்கே மொத வருசம் இது பிடிக்கலைங்க மாமா. என்னடா இப்படி வறண்டு கிடக்குதுன்னு இருந்தது. ஆடி ஆடித்தான் புரிஞ்சுது. இப்ப அந்தப் பச்சையில ஆடினா சப்புனு இருக்குது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை யோசிக்க வைத்தது.

அந்தப் 'பச்சை' எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் என்று ஒரு மைதானம். பழைய நாற்றுப்பண்ணை இருந்த நிலத்தில் 1933இல் திறந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி, மரத்தின் பெயர். 1934இலிருந்து அங்கே மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிறது. 1956இல் தொலைக்காட்சிக்கு வந்தது, 1966இல் வண்ணத்தில். ஏப்ரல் மாதம், குளிர்காலம் அப்போதுதான் முடிகிற நேரம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் கண்ணுக்குப் பூத்துக் குலுங்கும் அசேலியாவும் மரகதப் பச்சைப் புல்லும் எப்படி இருந்திருக்கும்! மறுநாள் தன் ஊர் கிளப்புக்குப் போய், "நம்ம புல் ஏன் அப்படி இல்லை?" என்று கேட்டிருக்கிறான். மைதானத்தைப் பராமரிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'அகஸ்டா சிண்ட்ரோம்'. நாம் அகஸ்டா வியாதி என்று சொல்லலாம்.

கேட்டவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த மைதானம் கோடை முழுக்கப் பூட்டிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில், இருக்கிற புல்மேல் ரை புல் விதையைத் தூவி, வசந்தத்துக்கு அந்த நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். தரைக்கு அடியில் குழாய் பதித்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற இயந்திரம்கூட வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக் கல்யாணப் பந்தலைப் பார்த்துவிட்டு, என் வீட்டு வாசலில் வருடம் 365 நாளும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற கதை அது.

இதில் வேடிக்கை, அகஸ்டாவை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி, பாபி ஜோன்ஸ் இருவருமே செயின்ட் ஆண்ட்ரூஸ் பைத்தியங்கள். பாதை அகலமாக, பங்கர் குறைவாக, பந்து உருண்டு ஓட வேண்டும் என்று அந்தக் கடற்கரையை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். பார்த்தவர்கள் வடிவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நிறத்துக்கு அடுத்து வேகம். குழி இருக்கிற புல்தரைக்கு 'கிரீன்' என்று பெயர். அதில் பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்று அளக்க எட்வர்டு ஸ்டிம்சன் என்ற அமெரிக்கர் 1935இல் ஒரு சாய்வுப் பட்டை செய்தார். பந்தை அதில் உருட்டிவிட்டால் எத்தனை அடி ஓடுகிறது என்று அளக்கலாம். 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைச் சீர்செய்து பராமரிப்பாளர்கள் கையில் கொடுத்தது. ஒரே மைதானத்தில் எல்லா கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்க வந்த கருவி. அந்தச் சமயத்தில் நாடு முழுக்க அளந்தபோது சராசரி ஆறரை அடி. இன்றைக்குப் பெரிய போட்டிகளில் 12, 13 அடி ஓட வைக்கிறார்கள். உறுப்பினர்கள், "அந்த கிளப்பில் 11 அடியாம், நம்மது ஏன் 9?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வங்கியில் 34 வருடம் இருந்தவனுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். நிலவரம் தெரிந்துகொள்ள ஒரு எண் கேட்பார்கள். அடுத்த வருடம் அந்த எண்ணே டார்கெட் ஆகிவிடும். அப்புறம் அந்த எண்ணுக்காகவே வேலை நடக்கும்.

வேகம் வேண்டுமென்றால் புல்லை மழிக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர், அதற்கும் கீழே. ஒரு நெல்மணியின் குறுக்கு அகலம். மேலே இலை குறைந்தால் கீழே வேர் ஆழம் போகாது என்பது ஆடு மாடு மேய்த்தவர்களுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல. வேர் மேலாக நின்றால் அடிக்கடி தண்ணீர் கேட்கும். ஈரமும் நலிவும் சேர்ந்தால் பூஞ்சாணம். பூஞ்சாணத்துக்கு மருந்து. எந்தப் பூஞ்சாணமும் தானாக வரவில்லை. ஆட்டக்காரனின் ஆசை அதற்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்பமான நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் அதிகம் போடுகிற புல் 'பெர்முடா'. அது என்ன என்று பார்த்தால் நம் அருகம்புல். அதை ஆப்பிரிக்காவின் உறவுப் புல் ஒன்றோடு கலந்து உண்டாக்கிய 'டிஃப்வே' என்ற ரகத்தை 1960இல் ஜார்ஜியாவில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மஞ்சள் காட்டில் அருகைக் கொத்திக் கொத்திக் கை காய்த்துப் போன நம் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதேபோல 'போவா ஆனுவா' என்று ஒரு புல். பல மைதானங்களில் அதைக் களை என்று விரட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் என்ற புகழ்பெற்ற மைதானத்தில் கிரீன்களே அந்தப் புல்தான். எது களை என்பதைப் புல் முடிவு செய்வதில்லை, பார்க்கிறவர் முடிவு செய்கிறார்.

இங்கே என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் விவசாயக் கடன் பார்க்கிற அதிகாரியாக இருந்தேன். பயிர் பார்வைக்குப் போவேன். ஒரு பெரியவர், மூன்று ஏக்கர் மஞ்சள். உள்ளே ஆமணக்கு, வெங்காயம், மிளகாய் எல்லாம் கலந்து நின்றது. வரப்பில் புல் முழங்கால் உயரம். நான் பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லை. படிவத்தில், 'பயிர்ப் பராமரிப்பு திருப்திகரமாக இல்லை' என்று எழுதினேன். கேட்ட தொகையில் அவருக்குப் பாதிதான் கிடைத்தது.

அடுத்த வருடம் போனேன். வயல் பளிச்சென்று இருந்தது. வரிசை வரிசையாக மஞ்சள், நடுவில் வெறும் மண். வரப்பு கருகிப் பழுப்பாகக் கிடந்தது. கிணற்று மேட்டில் களைக்கொல்லி டப்பா. பெரியவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்பத் திருப்திங்களா சார்?" என்றார். திருப்தி என்று எழுதிவிட்டு வந்தேன். முழுத் தொகையும் கிடைத்தது. அந்த வரப்புப் புல்தான் அவருடைய நாலு ஆட்டுக்குத் தீவனம் என்பதை நான் கேட்கவே இல்லை. அடுத்த முறை ஆடுகளையும் அங்கே காணவில்லை.

அவரை அந்த மருந்தை அடிக்க வைத்தது என் பேனா. எந்த மருந்துக் கடைக்காரரும் வந்து அவர் வாசலில் நிற்கவில்லை. அகஸ்டாவைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிற கிளப் உறுப்பினருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? செயின்ட் ஆண்ட்ரூஸில் நின்றபோது எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

நாம் மருந்துக் கம்பெனியை எதிர்க்கிறோம், அரசாங்கத்தின் மானியக் கொள்கையை எதிர்க்கிறோம். சரிதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் பார்க்கிறவன் கண்ணில் இருக்கிற ரசனையை யாரும் எதிர்ப்பதில்லை. அதை மாற்றாமல் டப்பாவை மட்டும் பிடுங்கினால் வேறு டப்பா வரும்.

மாற்ற முடியுமா? கோல்ஃப்காரர்களிடமே பதில் இருக்கிறது. நான்கு உதாரணம் சொல்கிறேன்.

வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் 'நம்பர் 2' என்று ஒரு மைதானம். டாம் மோரிஸிடம் வேலை பழகிய டொனால்டு ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1907இல் அமைத்தது. மணல் பூமி, காட்டுப்புல், பைன் சருகு என்று இருந்த இடம், காலப்போக்கில் அகஸ்டா வியாதி பிடித்துச் சுவருக்குச் சுவர் பச்சையாகிவிட்டது. 2010-11இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்து எடுத்து, மணலையும் அந்த மண்ணின் காட்டுப்புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்த நீர்த்தூவிகள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2014இல் அமெரிக்க ஓப்பன் போட்டி, ஆண்களுக்கும் அடுத்த வாரமே பெண்களுக்கும், அங்கே நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலர், "என்ன இது, காய்ந்து கிடக்கிறது" என்று முகம் சுளித்தார்கள். ஆடியவர்கள் பலருக்குப் பிடித்திருந்தது. யாரும் திரும்பப் பச்சை அடிக்கவில்லை. 2024இல் அதே போட்டி அங்கேயே மறுபடி நடந்தது.

இரண்டாவது, தோற்ற கதை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பழைய மணல் குவாரி ஒன்றைச் சீர்ப்படுத்தி, சேம்பர்ஸ் பே என்ற மைதானத்தை 2007இல் திறந்தார்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமானது, பொதுமக்கள் ஆடலாம். முழுக்க ஃபெஸ்கியூ புல். 2015இல் அமெரிக்க ஓப்பன் அங்கே போனபோது கிரீன்களில் போவா புல் திட்டுத் திட்டாக ஊடுருவி, பந்து குதித்துக் குதித்து ஓடியது. ஆட்டக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பிற்பாடு கிரீன்களில் அந்தப் போவா புல்லையே வேண்டுமென்று போட்டுவிட்டார்கள். கொள்கை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பயிர் நன்றாக நிற்க வேண்டும். இயற்கை வழி என்று சொல்லி நோஞ்சான் பயிரைக் காட்டினால் பார்க்கிறவன் பழைய வழிக்கே ஓடுவான். நம்மில் எத்தனை பேர் முதல் இரண்டு வருடத்திலேயே இந்த அடியை வாங்கியிருக்கிறோம்!

மூன்றாவது உதாரணம் மரம் நடுகிறவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். பிட்ஸ்பர்க் பக்கம் ஓக்மாண்ட் மைதானம், 1903இல் மரமே இல்லாத வெட்டவெளியில் உண்டானது. ஐம்பது, அறுபது வருடம் கழித்து அழகுக்காக ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். நிழல் விழுந்த புல் காற்றும் வெயிலும் இல்லாமல் நலிந்தது. 1990களில் மரங்களை எடுக்க முடிவு செய்தபோது, உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, விடிவதற்கு முன்னால் ஆள் வைத்து வெட்டி, அவர்கள் வருவதற்குள் தூரையும் மூடிவிட்டார்களாம். ரகசியம் வெளிப்பட்டுப் பெரிய தகராறு. பிறகு அதே உறுப்பினர்களுக்கு அந்த வெட்டவெளியே பெருமை ஆகிவிட்டது. மரத்தை வெட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தத் தோற்றமும் ஒரு காலத்தில் யாரோ விதைத்த பழக்கம்தான் என்கிறேன்.

நான்காவதுதான் நமக்கு நேரடியான உறவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. மணல் பூமி, குடிக்க நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று கேட்டபோது, ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எதுவும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. வினியார்ட் கோல்ஃப் கிளப் 2002இல் திறந்தது. ஃபேர்வேயில் அங்கங்கே களை இருக்கும், நோய்த் தழும்பு இருக்கும். பணம் கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். மருந்து இல்லாமல் கோல்ஃப் புல்லே வளராது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு தசாப்தத்துக்கு மேலாக அது நடக்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரை நினைத்து உறுதியாக நின்றதால் நடந்தது. ஆட்டக்காரர்களின் ரசனை பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் ராயல் நார்த் டெவன் என்று 1864இல் தொடங்கிய மைதானம் இருக்கிறது. பொது மேய்ச்சல் நிலம் என்பதால் இன்றைக்கும் ஆட்டக்காரர்களுக்கு நடுவில் ஆடும் குதிரையும் மேய்கின்றன. ஸ்காட்லாந்தின் வடக்கே புரோரா என்ற ஊரில் ஆடு மாடுகள் கிரீனுக்குள் வராமல் இருக்க, கிரீனைச் சுற்றி மட்டும் மின்வேலிக் கம்பி கட்டி ஆடிவந்திருக்கிறார்கள். மாடு இருந்தால் ஆட்டம் கெடும் என்று அங்கே ஆடப் போகிறவர்கள் நினைப்பதில்லை. அதற்காகவே தேடிப் போகிறவர்களும் உண்டு.

இதையெல்லாம் வைத்துக் கோல்ஃபுக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை. காய்ந்த நிறத்து மைதானமும் நூறு ஏக்கரை அடைத்துக்கொள்கிறது. ஓல்டு கோர்ஸிலும் இன்றைக்குத் தூவி வைத்து நீர் பாய்ச்சுகிறார்கள். உழவு நிலத்தை எடுத்து மைதானம் போட வந்தால், அது எந்த நிறத்தில் இருந்தாலும் நாம் எதிர்க்க வேண்டியதுதான். நான் சொல்வது வேறு. உலகத்திலேயே வசதியான, பிடிவாதமான ஒரு கூட்டத்தின் கண்ணையே பழக்கி மாற்ற முடிகிறது என்றால், நம் ஊர் வாங்குபவர், வங்கி அதிகாரி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணை மாற்ற முடியாதா?

முதலில் நம் கண். சத்தியமங்கலம் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் தோப்பு. தென்னை மட்டை, சருகு, புல் எல்லாம் மூடாக்காக அப்படியே கிடக்கும். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஈரமும் மண்புழுவும் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வாரம் ஒருமுறை, "அண்ணா, ஒரு ஓட்டு ஓட்டிக் கூட்டி வெச்சா எவ்வளவு லட்சணமா இருக்கும்!" என்பார். விருந்தாளி வருகிறார்கள் என்றால் வாசல் பக்கத்து நாலு வரிசையை மட்டும் நானும் ரகசியமாகச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். வெட்கம்தான் காரணம். அங்கே போய்வந்த பிறகு அதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது, அழைத்துப் போய்க் காட்டுவது. மாப்பிள்ளைக்கு அந்தக் காய்ந்த தரை கட்டுரை படித்துப் பிடிக்கவில்லை. நடந்து, ஆடி, பந்து உருளுவதைப் பார்த்துப் பிடித்தது. நாமும் கூட்டம் போட்டுப் பேசுவதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் வருடம் ஒருமுறை வாங்குபவர்களையும் அதிகாரிகளையும் வயலுக்குள் நடக்க வைப்போம். ஓட்டை விழுந்த கீரையைக் கையில் கொடுத்து, ஏன் ஓட்டை என்று சொல்லுவோம். சேம்பர்ஸ் பே பாடத்தையும் மறக்க வேண்டாம். நன்றாக விளைந்த வயலையே காட்டுவோம்.

மூன்றாவது, இந்த இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை. வங்கியின் பயிர்ப் பார்வைப் படிவங்களில் 'பராமரிப்பு' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நாம் எழுத்தில் கேட்க வேண்டும். ஊடுபயிரும் மூடாக்கும் வரப்புப் புல்லும் பராமரிப்புக் குறைவு ஆகாது என்று எழுதி வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பின கை இது. ஒரு வரி மாறினால் எத்தனை வரப்பு பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். வரைவு தயாரிக்க நான் தயார்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. அடுத்த முறை உங்கள் வயலைப் பார்க்கக் கடன் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால், தயவுசெய்து முந்தின நாள் வரப்பைச் சுத்தம் பண்ணாதீர்கள். அவரை வண்டியை விட்டு இறங்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மூடாக்கின் மேல் பத்தடி நடக்க வையுங்கள். என்னை யாரும் அப்படி இறக்கி நடக்க வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தப் பெரியவரின் ஆடுகள் அங்கேயே மேய்ந்திருக்கும்.